செவ்வாய்க்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை

கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. பேராசிரியர் ஹரலம்பி கிஞ்சேவ் மாணவர்களைப் பார்க்கும் நேரம், செவ்வாய்க்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை. காகிதம் பழுத்து, மூலை சுருண்டு, பசை விட்ட இடத்தில் யாரோ ஒட்டிய நாடாவும் பழுத்துப் போயிருந்தது. அந்தக் காகிதம் கதவை விட்டு ஒரு நாளும் அசைந்ததில்லை. மனிதர்தான் அங்கே இருந்ததில்லை.

அல்பேனா வந்து நிற்பது இது நான்காவது செவ்வாய்க்கிழமை. கமென்கிராத் நகரத்தின் அந்தக் கல்லூரியில் கணினித் துறை மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி அவள் படிக்கச் சேர்ந்த வருஷமே நின்றுவிட்டது. படித்து முடித்து பட்டமும் வாங்கியாயிற்று, அது இன்னும் நின்றபடிதான் இருந்தது.

பக்கத்து அறையில் துறைச் செயலாளர் கீனா, பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் சுற்றி வந்த எண்ணெய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். பணியில் முப்பது வருஷம். வட்ட முத்திரை இருக்கும் இழுப்பறையின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும்.

“இப்பத்தாம்மா போனாரு. ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பிடிச்சிருக்கலாம்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க, கீனாக்கா.”

“போன வாரமும் அவரு அப்பத்தான் போனாரு.”

“எங்கதான் போறாரு?”

“திராட்சைக் கொடி வெட்ட. பிப்ரவரியில வெட்டாம பின்ன எப்ப வெட்டுறது? கொடி காத்திருக்குமா? நீ காத்திருப்ப.”

 எதிர்த்துப் பேசினால் கீனாவுக்குக் கோபம் வரும். கீனாவுக்குக் கோபம் வந்தால் முத்திரைச் சாவி தொலைந்துபோகும். இதெல்லாம் அந்தக் கட்டடத்தில் முதல் மாதமே கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள்.

ஒரு கடிதத்துக்காகவா இத்தனை அலைச்சல் என்று கேட்பவர்களுக்கு அல்பேனாவைத் தெரியாது. பதினெட்டு வயதில் பள்ளி முடித்தாள், அடுத்த திங்கட்கிழமை காலுறை ஆலைக்குள் நுழைந்தாள். நுழைந்தவளுக்கு வேலை, காலுறைகளை அளவு பார்த்து ஜோடி சேர்ப்பது. சேர்த்தாள், சேர்த்தாள், ஆறு வருஷம் சேர்த்தாள். பிறகு இத்தாலியிலிருந்து திரை வைத்த பின்னல் இயந்திரங்கள் வந்தன. வந்த மாதமே ஒன்று பைத்தியம் பிடித்து, குதிகால் வர வேண்டிய இடத்தில் விரலைப் பின்னித் தள்ளியது. இத்தாலிக்காரர் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அல்பேனா மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் அந்தத் திரை முன்னால் நின்று பார்த்தாள். நான்காம் நாள் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். குதிகால் குதிகாலுக்குத் திரும்பியது.

“யாரைக் கேட்டு அதுல கை வெச்ச?” என்றான் மேற்பார்வையாளன்.

“கை வெச்சதாலதானே ஓடுது,” என்றாள் அவள்.

அன்றிலிருந்து எந்த இயந்திரம் முறைத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேலையின் பெயர் மட்டும் ஜோடி சேர்ப்பவள் என்றே இருந்தது. அந்த எரிச்சலில்தான் இருபத்தொன்பதாம் வயதில் அஞ்சல்வழியில் கணினிப் படிப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவளை அத்தை என்று கூப்பிட்டார்கள். தேர்வுக்கு முதல் நாள் அத்தையின் நோட்டைத்தான் கடன் கேட்டார்கள்.

நடுவில் ஆலைக்கு வேலை வராத இரண்டு வசந்த காலங்களில், பேருந்து ஏறி ஜெர்மனிக்குப் போனாள். அங்கே அஸ்பராகஸ் தண்டு வெட்டும் வேலை. மண்ணுக்குள் வெள்ளையாக வளரும் அந்தத் தண்டை, குனிந்து, விரலால் தோண்டி, கத்தி விட்டு எடுக்க வேண்டும். பத்து வாரம் குனிந்தே இருந்தாள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. மேலாளர் வரப்பில் நின்று வரிசை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். அல்பேனா பதினோராம் வரிசை. இரண்டாம் வருஷம் முதுகு பிடித்துக்கொண்டதால் கொட்டகையில் தண்டுகளைத் தரம் பிரிக்க உட்கார வைத்தார்கள். பருத்து நேராக இருப்பது ஒன்று என்று எழுதிய பெட்டிக்கு. வளைந்தது இரண்டுக்கு. நைந்தது மூன்றுக்கு.

திரும்பி வரும் பேருந்தில் அவள் ஒரு முடிவு எடுத்தாள். மூன்றாவது தடவை இந்த நாட்டுக்குள் வந்தால், பெயரோடுதான் வருவேன்.

அதற்காகத்தான் அங்கே முதுகலைக்கு விண்ணப்பம். மூன்று வருஷம் ஜெர்மன் படித்து அந்தச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். எல்லாக் காகிதமும் உறைக்குள் தயார். மார்ச் பதினைந்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு காகிதம் பாக்கி, முக்கியப் பாடம் நடத்திய பேராசிரியரின் பரிந்துரை. முக்கியப் பாடம் நடத்தியவர் கிஞ்சேவ். வேறு ஆளும் இல்லை, வேறு வழியும் இல்லை.

அவரைப் பற்றி ஊருக்கே ஒன்று தெரியும். இருபத்தாறு வருஷத்தில் அவர் யாருக்கும் ஆறு போட்டதில்லை. மற்ற பேராசிரியர்கள் நன்றாகச் செய்தால் ஆறு போடுவார்கள், சுமாராகச் செய்தால் நாலு, ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு. கிஞ்சேவின் பச்சை மை ஐந்தோடு நின்றுவிடும். அந்த ஐந்தை வாங்கியவர்களே வீட்டில் விருந்து வைத்தார்கள்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அடித்தளத்துக் காப்பிக்கடையில் அவர் சிக்கினார். விரல் நகத்தில் மண்.

“பரிந்துரையா? அதுக்கென்ன, தாராளமா. நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுடுறேன்.”

“என்னைப் பத்தி நானே எப்படி எழுதுறது, புரொபசர்?”

“என்னைவிட உங்களுக்குத்தானே உங்களை நல்லாத் தெரியும்?”

அந்த ஊர் வழக்கம் அது. எல்லாப் பேராசிரியர்களும் அப்படித்தான். அல்பேனா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஓர் இயந்திரத்துக்கு நூறு வரி கட்டளை எழுதச் சொன்னால் எழுதுவாள். தன்னைப் புகழ்ந்து இரண்டு வரி எழுத ஒரு மாலை முழுவதும் போனது. கடைசியில் நான்கு வரி வந்தது. உழைப்பாளி, நேரம் தவறாதவர், அமைதியானவர், எல்லோராலும் மதிக்கப்பட்டவர்.

மறுநாள் கிஞ்சேவ் அதைக் கண்ணுக்குத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“இது என்னது? செத்தவங்களுக்குக் கதவுல ஒட்டுற அறிவிப்பா? ஒரு போட்டோவும் சிலுவையும்தான் பாக்கி.”

திங்கட்கிழமை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனாள். அபாரத் திறமை, ஒப்பில்லாத கூர்மை, துறைக்கே பெருமை.

“நாடாளுமன்றத் தேர்தல்ல நிக்கிறீங்களா?” என்றார் கிஞ்சேவ். “நான் இப்படியெல்லாம் பேசுற ஆளா? படிக்கிறவன் எனக்குக் குடிபோதைன்னு நினைப்பான்.”

“அப்ப நீங்களே எழுதுங்களேன், புரொபசர்.”

“கோபப்படாதீங்கம்மா. கீனாகிட்ட பரிந்துரைப் பாரத்தைக் குடுத்துட்டுப் போங்க. நானே பாத்துக்கிறேன்.”

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அந்தப் பாரம் ஒற்றைத் தாள். கீழே கடிதத்துக்கு இடம், மேலே எட்டுக் கட்டங்கள். பாட அறிவு, தானாக வேலை செய்யும் திறன், சிந்தனை என்று வரிசையாகப் போய், நெருக்கடியில் பொறுமை என்று முடியும். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் போட வேண்டும். அல்பேனா அதைக் கீனாவிடம் கொடுக்கும்போது கடைசித் தேதியை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கட்டங்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்ன மதிப்பெண் போட வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

செவ்வாய்க்கிழமை தேசிய விடுமுறை. புதன்கிழமை காலை கீனாவே தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்படி ஓர் அதிசயம் அதுவரை நடந்ததில்லை.

“சீக்கிரம் வா. முத்திரையும் குத்திட்டேன். வரும்போது நல்ல சாக்லேட் பெட்டியா ஒண்ணு வாங்கிட்டு வா. மலிவானது வேண்டாம்.”

மூன்று மாடி ஏறி வந்தபோது கிஞ்சேவ் தன் அறையில் இருந்தார். மணிக்கட்டில், மார்ச் பிறந்தால் ஊரில் எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருந்தது. தாளை உறையில் போடாமல் திறந்தே நீட்டினார்.

“மூடி முத்திரை வைக்கணும்னு போட்டிருக்கு. பரவாயில்ல. ஒரு தடவை பாத்துக்குங்க. எங்கேயும் பார்க்காததைப் பாப்பீங்க.”

அல்பேனா பார்த்தாள். கீழே பச்சை மையில் அவரே எழுதிய கடிதம். பிறகு எட்டுக் கட்டங்கள். ஆறு. ஆறு. ஆறு. எட்டிலும் ஆறு.

இருபத்தாறு வருஷத்தில் ஒருவருக்கும் கொடுக்காததை அந்த மனிதர் ஒரே தாளில் எட்டு தடவை கொடுத்திருந்தார். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள்.  அல்பேனாவின் கண்ணுக்கு முன்னால் கொட்டகைப் பெட்டிகள் தெரிந்தன. பருத்து நேராக இருப்பது ஒன்று.

“ரொம்ப நன்றி, புரொபசர்,” என்றாள். “ஆனா அங்க ஒண்ணுதான் முதல். ஆறுன்னா தேறாதவன்னு அர்த்தம்.”

“எங்க?”

“ஜெர்மனியில.”

“யாரு சொன்னது?”

“தாள்லயே போட்டிருக்கு. மேல, சின்ன எழுத்துல.”

“சின்ன எழுத்துல போட்டா எவன் படிப்பான்?” கிஞ்சேவின் முகம் சிவந்தது. “ஆறு எங்க போனாலும் ஆறுதான். ஆறு பெருசா, ஒண்ணு பெருசா? கணக்கு தெரியாதவனா நானு?”

“கணக்கு இல்ல புரொபசர், அவங்க வரிசை அப்படி. புதுப் பாரம் கொண்டாந்திருக்கேன். ஒண்ணுன்னு மாத்திக் குடுத்தீங்கன்னா...”

“ஒண்ணா?” அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நம்ம ஊர்ல வெத்துத்தாள் குடுத்தவனுக்கே ரெண்டு போடுறோம். என் கையால ஒண்ணு போடணுமா? அதுவும் உங்களுக்கா? நல்லாப் படிச்ச பொண்ணுன்னு முதல் தடவையா மனசு வந்து ஆறு போட்டேன். அது பத்தலைன்னு திருப்பிக் கொண்டு வர்றீங்க.”

“பத்தலைன்னு சொல்லல...”

“போட்டது போட்டதுதான். அவங்களுக்குப் புரியலைன்னா என்கிட்ட கேக்கட்டும். செவ்வாய்க்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை.”

கதவு சாத்திக்கொண்டது. காகிதத்தின் சுருண்ட மூலை ஒரு தடவை ஆடி அடங்கியது.

கீனா எல்லாவற்றையும் சுவர் வழியாகக் கேட்டிருந்தாள். சாக்லேட் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

“இந்தா, புதுத் தாளைக் குடு. அவரு கையெழுத்து எனக்கு அத்துப்படி. பச்சைப் பேனாவும் இருக்கு. எட்டு ஒண்ணு போட எவ்வளவு நேரமாகும்? எட்டு குச்சி.”

அல்பேனா தாளைக் கொடுக்கத்தான் கையை நீட்டினாள். பொய் சொல்வானேன், நீட்டினாள். மார்ச் நாலு ஆகிவிட்டது, தபால் போய்ச் சேர ஐந்தாறு நாளாகும், அவள் முதுகு இன்னொரு வசந்தத்தைத் தாங்காது. ஆனால் கை பாதியில் நின்றது.

“அங்கிருந்து போன் பண்ணிக் கேட்டா இவரு என்ன சொல்வாரு? ஆறு போட்டேன்னு பெருமையா சொல்வாரு. என்னைப் பொய்க்காரின்னு பேர் வெச்சு அனுப்பிடுவாங்க, கீனாக்கா. பதினோராம் வரிசையே தேவலாம்.”

“அப்ப என்னதான் பண்ணப் போற? நீயும் அவரு கணக்கா பிடிவாதமா இருந்தா எனக்கு இங்க ஓய்வூதியம் வாங்குற வரைக்கும் இதே வேலைதான்.”

அல்பேனா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துத் தன் மாணவர் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். கையகலப் புத்தகம். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு வரி, மதிப்பெண், ஆசிரியரின் கையெழுத்து. மறுநாள் ஆலையில் முறை மாற்றிக்கொண்டு, மறுபடியும் மூன்று மாடி ஏறினாள். வியாழக்கிழமைதான். கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். எட்டு ஆறு போட்ட பாரத்தை விரித்து வைத்து, புத்தகத்தை அவருடைய மேசையில் போட்டாள். மெதுவாகத்தான் போட்டேன் என்று பிறகு சொல்லிக்கொண்டாள். பேனாக்கள் உருண்டது என்னவோ உண்மை.

“இதுல எனக்கு என்ன போட்டிருக்கீங்க, புரொபசர்?”

அவர் குனிந்து பார்த்தார். “ஐந்து. மிக நன்று. என்கிட்ட ஐந்துன்னா சும்மா இல்ல.”

“ஏன் ஐந்து? ஞாபகம் இருக்கா?”

“எத்தனை பேருக்கு நான் ஞாபகம் வெச்சுக்கிறது?”

“எனக்கு இருக்கு. தேர்வுல கேள்விச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னீங்க. எனக்குப் பதினேழாம் சீட்டு வந்தது. முப்பது மாணவர்களை மதிப்பெண் வாரியா வரிசைப்படுத்துறதுக்கு நிரல் எழுதணும், அதிகமா வாங்கினவன் மேல. கட்டம் போட்ட தாள்ல பேனாவால எழுதினேன். ஒரு தப்பு இல்ல. நீங்களே சொன்னீங்க ஒரு தப்பு இல்லைன்னு. ஆனா நான் கம்மியா வாங்கினவனை மேல வெச்சுட்டேன். சீட்டுல எழுதியிருந்ததைச் சரியாப் படிக்கல.”

கிஞ்சேவ் உருண்ட பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“அப்ப நீங்க சொன்னது அப்படியே காதுல இருக்கு. எது மேல, எது கீழன்னு தீர்மானிக்கிறது நீங்க இல்லம்மா, கேள்வி கேட்டவன். படிக்காம புத்திசாலித்தனம் காட்டாதீங்க. அப்படிச் சொல்லிட்டு ஐந்து போட்டீங்க. நியாயம்தான்னு வாங்கிட்டுப் போனேன். அன்னிக்கு முப்பது பேரை நான் தலைகீழா நிறுத்தினேன். இன்னிக்கு நீங்க என்னைத் தலைகீழா நிறுத்தி வெச்சிருக்கீங்க. நான் அஞ்சு வாரமா இந்த மாடியில ஏறி இறங்குறேன். ரெண்டு வசந்தம் அந்த நாட்டு மண்ணுல குனிஞ்சு கிடந்தேன். உங்க ஆறால மூணாவது தடவையும் குனியணுமா?”

சொல்லி முடித்த பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பக்கத்து அறையில் கீனாவின் தட்டச்சு ஓசை நின்றிருந்தது.

கிஞ்சேவ் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். பாரத்தின் மேல்பக்கத்துச் சின்ன எழுத்தின் மேல் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்தினார். ஜெர்மன் தெரியாது. எண்கள் தெரியும். ஒன்றுக்குப் பக்கத்தில் என்ன, ஆறுக்குப் பக்கத்தில் என்ன என்று அவளிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். கேட்டுவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

“எந்தச் சீட்டுன்னு சொன்னீங்க?”

“பதினேழு.”

“அது ஒண்ணும் கஷ்டமான சீட்டு இல்லையே.”

“இந்தத் தாளும் கஷ்டமில்ல, புரொபசர்.”

அவர் மூக்கால் மூச்சு விட்டார். அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியாது. “புதுப் பாரத்தைக் குடுங்க.”

நான்கு பிரதி கொண்டுவந்திருந்தாள், அவரைத் தெரிந்தவளாயிற்றே. கிஞ்சேவ் பச்சைப் பேனாவைத் திறந்து, கடிதத்தை ஒரு வார்த்தை மாறாமல் பெயர்த்து எழுதினார். பிறகு கட்டங்களுக்கு வந்தார். ஒன்று. ஒவ்வொரு குச்சியையும், பல் பிடுங்கக் கொடுப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு போட்டார். ஏழு ஒன்று. எட்டாவது கட்டத்தில், நெருக்கடியில் பொறுமை என்ற இடத்தில், பேனா நின்றது. இரண்டு என்று போட்டார்.

“புரொபசர்?”

“மேசையில புத்தகத்தை அடிச்சீங்க.”

“வெச்சேன்.”

“பேனா உருண்டுச்சு.” கையெழுத்தைப் போட்டு மை காய ஊதினார். “ரெண்டுன்னா அங்க கெட்டதா?”

“இல்ல. நல்லதுதான்.”

“அப்ப வாங்கிக்குங்க. பொய் எழுதினா மத்த ஏழையும் நம்ப மாட்டான்.”

கீனா முத்திரையைக் குத்தினாள், உறையை ஒட்டினாள், ஒட்டிய இடத்தில் இன்னொரு தடவை குத்தினாள். அல்பேனா கையோடு தபால் நிலையத்துக்கு ஓடினாள். உறை பன்னிரண்டாம் தேதி போய்ச் சேர்ந்தது.

ஜூன் மாதத்தில், ஆலை வாசலில் தபால்காரி ஒரு கனத்த உறையைக் கொடுத்தாள். மேலே அவள் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர், மூன்றும் ஓரெழுத்துப் பிழையில்லாமல். இடம் கிடைத்துவிட்டது. அதோடு, பள்ளிச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லை, வேறு அனுப்பவும் என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

இதில் பாக்கி இருப்பது அந்தப் பழைய தாள். எட்டு ஆறும் முத்திரையும் உள்ளது. அன்று கிஞ்சேவ் புதுத் தாளில் மையை ஊதிக்கொண்டிருந்தபோதே, அல்பேனா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். அவர் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துதான் ஞாபகம் வந்தது. தான் ஆறு போட்டதற்கு ஊரில் ஒரு சாட்சி உலாவுகிறது என்பது அவரை உறுத்தியிருக்கிறது. கீனாவை விட்டுப் போன் பண்ணச் சொன்னார். மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை, அவள் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை.

“கல்லூரி முத்திரை குத்தின காகிதம் வெளிய இருக்கக் கூடாதாம்,” என்றாள் கீனா. “திருப்பிக் குடுத்துடு அல்பேனா. என் உயிரை வாங்குறாரு.”

“குடுக்க மாட்டேன், கீனாக்கா. அது என்னோடது.”

“அவருக்கு நான் என்னதான் பதில் சொல்றது?”

அல்பேனா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் எல்லாவற்றுக்கும் அடியில், மாணவர் புத்தகத்துக்குள் இருந்தது.

“என்னை வந்து பாக்கச் சொல்லுங்க,” என்றாள். “செவ்வாய்க்கிழமை, பத்து முதல் பன்னிரண்டு வரை.”